சுய உதவிக் குழு: பெயர்ப் பட்டியலிலிருந்து முதல் வங்கிக் கடன் வரை

எங்கள் தெருவில் குழு தொடங்கியபோது ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒரு துண்டுத் தகவல்தான் கிடைத்தது. ஒன்றிய அலுவலகத்தில் ஒன்று சொல்வார்கள், வங்கிக் கிளையில் வேறொன்று கேட்பார்கள். நூறு நாள் வேலையையோ களையெடுப்பையோ விட்டுவிட்டு, பஸ் பிடித்து வந்த பெண்கள் "அடுத்த வாரம் வாங்கம்மா" என்ற பதிலோடு திரும்பும்போது எனக்கு வயிறு எரியும். அவர்களுக்கு ஒரு நாள் அலைச்சல் என்றால் ஒரு நாள் கூலி போச்சு என்று அர்த்தம். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

இது தமிழ்நாட்டுக் கிராம ஊராட்சிகளில் இருப்பவர்களுக்கு. நகராட்சி, மாநகராட்சிப் பகுதி என்றால் அலுவலகமும் வட்டி மானிய விதிகளும் மாறும், மற்றபடி வேலை இதேதான்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். குழு தொடங்கவோ, பயிற்சியில் சேரவோ, கடனுக்கு விண்ணப்பம் கொடுக்கவோ அரசுக்கு எந்தக் கட்டணமும் கிடையாது. "தலைக்கு ஐந்நூறு கொடுங்க, லோன் வாங்கித் தர்றேன்" என்று யார் வந்தாலும், சொந்தக்காரராக இருந்தாலும், கொடுக்காதீர்கள். உங்களுக்கு ஆகும் செலவு கணக்கு நோட்டுகள், ரப்பர் ஸ்டாம்பு, போட்டோ, ஜெராக்ஸ், பஸ் காசு இவ்வளவுதான். குழு முழுவதற்கும் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் முன்பின் வரும்.

1. முதலில் போக வேண்டிய இடம் வங்கி இல்லை

பலர் நேராக வங்கிக்குப் போய்விடுகிறார்கள். வேண்டாம். உங்கள் ஊராட்சியில் மகளிர் குழுக்களின் கூட்டமைப்பு ஒன்று இருக்கும். ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு என்று பெயர்ப் பலகை மாட்டியிருப்பார்கள். அங்கே போய், புதிதாகக் குழு தொடங்க வேண்டும் என்று சொல்லுங்கள். அங்கே ஆள் இல்லையென்றால் ஊராட்சி ஒன்றிய அலுவலக வளாகத்தில் மகளிர் திட்டத்தின் வட்டார அலுவலகத்துக்குப் போங்கள். வட்டார ஒருங்கிணைப்பாளர் யார், உங்கள் ஊராட்சி யாருடைய பொறுப்பு என்று கேட்டு, பெயரையும் கைப்பேசி எண்ணையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இதை ஏன் முதலில் செய்யச் சொல்கிறேன் என்றால், குழுவின் விவரம் அரசின் ஊரக வாழ்வாதார இயக்கத்தின் இணையப் பதிவில் ஏறி ஒரு குறியீட்டு எண் வந்தால்தான் பின்னால் சுழல் நிதியும் (குழுவுக்குள் கடன் கொடுத்துச் சுழற்ற அரசு தரும் பணம்) வட்டி மானியமும் கிடைக்கும். அந்தப் பதிவு இல்லாமல் வங்கியில் கணக்கு மட்டும் தொடங்கி, வருஷக்கணக்கில் சேமித்துவிட்டு, கடைசியில் "உங்க குரூப் லிஸ்ட்லயே இல்லையே" என்று கேட்டு நிற்கிற குழுக்களை எனக்குத் தெரியும்.

2. ஆட்களைச் சேர்ப்பது

18 வயது நிரம்பிய பெண்கள், 12 முதல் 20 பேர் வரை. மாற்றுத்திறனாளிகள் குழுவாக இருந்தால் 5 பேரே போதும். எல்லாரும் பக்கத்துப் பக்கத்து வீடாக, நடந்து வரும் தூரத்தில் இருப்பது நல்லது. ஒருவர் ஒரு குழுவில்தான் இருக்க முடியும், அதனால் "வேற எந்தக் குழுவிலயாவது பேர் இருக்கா?" என்று முதலிலேயே கேளுங்கள். பழைய குழு ஒன்று கலைந்தும் பெயர் மட்டும் பதிவில் நிற்பது உண்டு. அப்படியானால் அதை வட்டார அலுவலகத்தில் நீக்கிய பிறகே சேர்க்கலாம்.

பட்டியல் போடும்போது தெருவில் ஒரு பேச்சு கிளம்பும். "அவளைச் சேர்க்காதே, அவளால கட்ட முடியாது." அந்த "அவள்" பெரும்பாலும் கணவரை இழந்தவராக, கையெழுத்துப் போடத் தெரியாதவராக, வாடகைக் குடிசையில் இருப்பவராக இருப்பார். என்னைக் கேட்டால் அவரைத்தான் முதலில் சேர்க்க வேண்டும். குழுவின் சேமிப்புத் தொகையை அவரால் கட்ட முடிந்த அளவில் வையுங்கள். வாரம் 50 ரூபாய்தான் முடியும் என்றால் எல்லாருக்கும் 50. வசதியான நாலு பேர் சொல்லும் தொகையை வைத்தால், மூன்றாவது மாதமே யாருக்கு உதவி தேவையோ அவர் நின்றுவிடுவார்.

நுண்நிதி நிறுவனங்களிடம் யாருக்கு எவ்வளவு கடன் இருக்கிறது என்பதையும் இப்போதே வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். வாரா வாரம் வீட்டு வாசலில் வந்து வசூலிக்கும் கடன் மூன்று இடத்தில் இருப்பவருக்கு நாலாவதாக இன்னொரு தவணை சேர்ந்தால் தாங்காது. அவரைக் குழுவில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் முதல் சுற்றில் கடன் எடுக்க வேண்டாம் என்று அன்போடு சொல்லிவிடுங்கள்.

3. பெயரும் இனிஷியலும்

அதிகமாக இழுத்தடிப்பது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் ஊர்ப் பெண்களுக்கு இரண்டு இனிஷியல். பள்ளிச் சான்றிதழில் அப்பா பெயரின் முதலெழுத்து, கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த அட்டைகளில் கணவர் பெயரின் முதலெழுத்து. ஒரே பெண் ஆதாரில் "மாரியம்மாள்" என்றும், வங்கிப் புத்தகத்தில் "மாரியம்மாள் மு" என்றும், குடும்ப அட்டையில் "மாரியாயி" என்றும் இருப்பார். ஊரில் எல்லாருக்கும் அவர் ஒருவர்தான். கணினிக்கு மூன்று பேர். விண்ணப்பம் அங்கேதான் நிற்கும்.

முதல் கூட்டத்துக்கே எல்லாரையும் ஆதார் அட்டை, குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், வாக்காளர் அட்டை நான்கையும் கொண்டு வரச் சொல்லுங்கள். ஒரு நோட்டில் கட்டம் போட்டு, ஒவ்வொருவர் பெயரும் ஒவ்வொரு அட்டையிலும் எப்படி இருக்கிறது என்று எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதுங்கள். பிறந்த தேதியையும் எழுதுங்கள். எங்கே மாறுகிறதோ அங்கே சிவப்பு மையில் வட்டம். பத்தாவது, பன்னிரண்டாவது படித்த பெண் பிள்ளை யாராவது இருந்தால் இந்த வேலையை அவரிடம் கொடுங்கள். ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள்.

பெயர் மாறியிருந்தால் எந்த அட்டையை மாற்றுவது? பெரும்பாலும் ஆதாரை அப்படியே வைத்துக்கொண்டு மற்றதை அதற்கு ஏற்ப மாற்றுவதுதான் சுலபம். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறையும், பிறந்த தேதியை ஒரு முறையும்தான் திருத்தலாம், ஆகவே அவசரப்பட்டு அதில் கைவைக்காதீர்கள். ஆதாரிலேயே தப்பு என்றால் சேவை மையத்தில் விவரத் திருத்தத்துக்கு 75 ரூபாய் கட்டணம். அதற்குமேல் கேட்டால் ரசீது கேளுங்கள். கைப்பேசி எண் ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்பதையும் அன்றே பாருங்கள். மகனின் பழைய எண்ணைக் கொடுத்திருப்பார்கள், அந்த சிம் எப்போதோ போயிருக்கும், ஓடிபி வராது.

இன்னொன்று, இரண்டு வருஷத்துக்கு மேல் போட்டு எடுக்காத வங்கிக் கணக்கு செயலற்றுப் போயிருக்கும். அதை இப்போதே கிளைக்குப் போய் உயிர்ப்பித்துவிடுங்கள், அதற்குக் கட்டணம் கிடையாது.

4. முதல் கூட்டமும் வங்கிக் கணக்கும்

குழுவுக்கு ஒரு பெயர் வையுங்கள். ஊரில் ஏற்கெனவே அதே பெயரில் குழு இருந்தால் வங்கியில் குழப்பம் வரும், விசாரித்துக்கொள்ளுங்கள். நிர்வாகிகளாக ஊக்குநர் ஒருவர், பிரதிநிதிகள் இருவர் என மூவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். யார் அதிகமாகப் பேசுகிறாரோ அவரைப் போடுவது வழக்கம். அதைவிட, கணக்கை எல்லார் முன்னிலையிலும் உரக்கப் படித்துக் காட்டத் தயங்காதவரைப் போடுங்கள்.

தீர்மான நோட்டில் எழுத வேண்டியவை: குழுவின் பெயர், கூட்டம் கூடும் நாள், நேரம், சேமிப்புத் தொகை, வராதவருக்கு அபராதம், எந்த வங்கியின் எந்தக் கிளையில் கணக்கு, பணம் எடுக்க யார் யார் கையெழுத்து. எல்லா உறுப்பினரும் கையெழுத்தோ கைரேகையோ வைக்க வேண்டும்.

வங்கிக்கு எடுத்துப் போக வேண்டியவை: தீர்மானத்தின் நகல், உறுப்பினர் பட்டியல், நிர்வாகிகள் மூவரின் ஆதார், பான் அட்டை, போட்டோ, குழுவின் ரப்பர் ஸ்டாம்பு. சில கிளைகளில் குழுவுக்கே பான் அட்டை கேட்பார்கள். அதற்குப் பதில் படிவம் 60 (பான் இல்லாதவர்கள் கொடுக்கும் உறுதிமொழிப் படிவம்) கொடுத்தால் போதுமா என்று போன முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

"இருபது பேரும் நேரில் வந்து எல்லா ஆவணமும் கொடுத்தால்தான் கணக்கு" என்று சொல்லும் கிளைகள் உண்டு. ரிசர்வ் வங்கியின் விதிப்படி சேமிப்புக் கணக்கு தொடங்க நிர்வாகிகளின் அடையாளச் சரிபார்ப்பு மட்டும் போதும். மற்ற உறுப்பினர்களுடையதைக் கடன் கொடுக்கும் நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம். இதைப் பணிவாக, ஆனால் தெளிவாகச் சொல்லுங்கள். வட்டார ஒருங்கிணைப்பாளரையும் கூட அழைத்துப் போனால் பேச்சு சீக்கிரம் முடியும். மாதத்தின் முதல் வாரத்தில் வங்கிக்குப் போகாதீர்கள், பென்ஷன் கூட்டம் இருக்கும்.

5. ஆறு மாதம்: சேமிப்பு, உள்கடன், நோட்டுப் புத்தகம்

கணக்கு தொடங்கி ஆறு மாதமாவது குழு ஒழுங்காக நடந்தால்தான் வங்கிக் கடனுக்குத் தகுதி வரும். இந்த ஆறு மாதத்தைக் "காத்திருக்கும் காலம்" என்று நினைப்பதில்தான் பல குழுக்கள் சறுக்குகின்றன. கடன் கிடைக்குமா கிடைக்காதா என்பது இங்கேதான் முடிவாகிறது. தரம் பிரிக்க, அதாவது குழு கடனுக்குத் தகுதியா என்று மதிப்பெண் போட வருபவர்கள் ஐந்து விஷயம் பார்ப்பார்கள்: தவறாமல் கூட்டம், தவறாமல் சேமிப்பு, உள்ளுக்குள் கடன் கொடுத்து வாங்குதல், நேரத்துக்குத் திருப்பிக் கட்டுதல், அன்றன்றே எழுதிய கணக்கு. பஞ்ச சூத்திரம் என்பார்கள்.

இதில் உள்கடனைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பணம் பத்திரமாக வங்கியில் இருக்கட்டும் என்று பூட்டி வைத்தால் தரத்தில் மதிப்பெண் குறையும். இரண்டாம் மாதத்திலிருந்தே சிறு தொகையாகக் கொடுக்க ஆரம்பியுங்கள். வட்டி குழுவின் விருப்பம்.

ஒரு உதாரணம். பிள்ளையின் பள்ளிச் செலவுக்கு ஒருவர் 3,000 ரூபாய் கேட்கிறார். நூற்றுக்கு மாதம் 1 ரூபாய் வட்டி, பத்து மாதத் தவணை என்று முடிவு செய்கிறீர்கள். முதல் மாதம் அசல் 300, வட்டி 30, ஆக 330. அடுத்த மாதம் பாக்கி அசல் 2,700தான், ஆகவே வட்டி 27, மொத்தம் 327. மூன்றாம் மாதம் 324. இதைக் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் நோட்டில் போட்டுக் காட்டுங்கள். பாக்கிக்கு மட்டும்தான் வட்டி என்பதை ஒரு முறை கண்ணால் பார்த்துவிட்டால், கந்துவட்டிக்காரர் முழுத் தொகைக்கும் வட்டி போடும்போது கேள்வி கேட்கும் தைரியம் தானாக வரும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட இரண்டு மூன்று கூட்டத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். பள்ளிக்கூடம் கொடுக்காத ஒன்றை அந்தத் திண்ணைக் கூட்டம் கொடுப்பதைப் பார்த்த பிறகு, குழு என்பது கடனுக்காக மட்டும் என்று என்னால் நினைக்கவே முடியவில்லை.

வைக்க வேண்டிய நோட்டுகள்: தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு, உறுப்பினருக்குத் தனித்தனிப் பாஸ் புத்தகம். மாதக் கடைசியில் உட்கார்ந்து மொத்தமாக எழுதினால் ஒரே மை, ஒரே கையெழுத்து என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். கூட்டம் முடியும் முன் எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

நிர்வாகி யாராக இருந்தாலும், எவ்வளவு நம்பிக்கையானவராக இருந்தாலும், பணம் எடுக்கும் படிவத்தில் தொகை எழுதாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள். கூட்டத்தில் வசூலான பணம் மறுநாளே வங்கிக்குப் போக வேண்டும். பணம் கட்டிய சீட்டைத் தீர்மான நோட்டில் ஒட்டுங்கள்.

6. அதே ஆறு மாதத்தில் பயிற்சி

கடன் வந்த பிறகு என்ன தொழில் செய்யலாம் என்று யோசிப்பது தலைகீழ். ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு வங்கி நடத்தும் ஊரக சுய வேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனம் உண்டு, ஆர்செட்டி என்று கேட்டால் தெரியும். 18 முதல் 45 வயது வரை ஆண், பெண் இருவரும் சேரலாம். பயிற்சி, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் இலவசம். தையல், கைப்பேசி பழுது பார்ப்பு போன்றவை 30 நாள், மாடு வளர்ப்பு போன்றவை 10 நாள். முடித்த பிறகு இரண்டு வருஷம் வரை தொழில் தொடங்கவும் கடன் வாங்கவும் துணை நிற்பது அவர்கள் பொறுப்பு. பலர் சான்றிதழோடு வந்துவிடுகிறார்கள், இந்தத் துணையைக் கேட்டு வாங்குவதே இல்லை.

ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், பள்ளிச் சான்று, போட்டோ கொண்டு போய் முன்கூட்டியே பெயர் கொடுத்து வையுங்கள். ஒரு வகுப்புக்கு 25 முதல் 35 பேர் சேர்ந்த பிறகுதான் தொடங்குவார்கள். கைக்குழந்தை உள்ளவர்கள் தினமும் போய் வரலாமா என்று கேளுங்கள்.

தையலை மட்டுமே எல்லாரும் தேர்ந்தெடுப்பதில் எனக்கு வருத்தம் உண்டு. ஒரே தெருவில் பத்துப் பேர் பிளவுஸ் தைத்தால் யாருக்கும் வேலை இருக்காது. தையல்தான் என்றால் மாவட்ட சமூகநல அலுவலகத்தில் மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கத்தைப் பற்றி விசாரியுங்கள். பள்ளிப் பிள்ளைகளின் இலவசச் சீருடை அந்தச் சங்கங்கள் வழியாகத்தான் தைக்கப்படுகிறது. சங்கத்தில் இடம் கிடைத்தால் துணியும் வேலையும் தேடி வரும்.

வீட்டில் படிப்பை நிறுத்திய பிள்ளைகள் இருப்பார்களே, அவர்களையும் இப்போதே கவனியுங்கள். எட்டாம் வகுப்பை முடிக்காதவர்கள் தனித்தேர்வராக எழுதலாம். எட்டாவது தேறியிருந்தால் அரசு ஐடிஐயில் சில பிரிவுகள், பத்தாவது என்றால் இன்னும் பல. பெண்களுக்கு அங்கே உச்ச வயது வரம்பு இல்லை. அம்மாவும் மகளும் ஒரே ஐடிஐயில் சேரலாம், விதி தடுக்காது.

தனியாகப் பெரிய தொழில் தொடங்க நினைக்கும் இளைஞர்களுக்குப் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் இருக்கிறது. கிராமத்துப் பெண்களுக்குத் திட்ட மதிப்பில் 35 சதவீதம் மானியம், கையிலிருந்து 5 சதவீதம் போட்டால் போதும். உற்பத்தித் தொழில் 10 லட்சத்துக்கு மேலும், சேவைத் தொழில் 5 லட்சத்துக்கு மேலும் போனால் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி கட்டாயம். மானியம் கையில் வராது, மூன்று வருஷம் வங்கியில் வைப்பாக நிற்கும். ஏற்கெனவே நடக்கிற தொழிலுக்கு இது கிடையாது, ஆகவே அனுமதிக்கு முன் மிஷின் வாங்கிவிடாதீர்கள். மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பத்துக்கு உதவுவார்கள்.

7. கடன் விண்ணப்பம்

ஆறு மாதம் முடிந்து தரம் பிரித்தாயிற்று. யாருக்கு எவ்வளவு, எதற்கு, எப்படித் திருப்பிக் கட்டுவார் என்று ஒரு நுண்கடன் திட்டம் எழுத வேண்டும். இங்கேதான் "ஆளுக்குச் சமமாப் பிரிச்சுக்கலாம்" என்ற பேச்சு வரும். தேவையில்லாதவர் வாங்கிய பங்கு தீபாவளிக்குள் கரைந்துவிடும், தவணை மட்டும் நிற்கும். ஆடு வாங்குபவருக்கு 25,000, பழைய கடனை அடைப்பவருக்கு 15,000, இந்த முறை வேண்டாம் என்பவருக்குப் பூஜ்யம் என்று இருக்கலாம். மிஷினோ மாவரைக்கும் இயந்திரமோ என்றால் கடையில் கொட்டேஷன் வாங்கி இணையுங்கள்.

முதல் கடன் குழு நிதியின் ஆறு மடங்கு அல்லது குறைந்தது 1.5 லட்சம், எது அதிகமோ அது. குழு நிதி என்றால் சேமிப்பு மட்டும் இல்லை. உள்கடன் வட்டி, அபராதம், சுழல் நிதி எல்லாம் சேரும். கிராமப்புறப் பெண்கள் குழுவுக்கு 3 லட்சம் வரை வட்டி ஆண்டுக்கு 7 சதவீதம். 1.5 லட்சத்தை 24 மாதத்தில் கட்டினால் மாதம் சுமார் 6,720 ரூபாய், 36 மாதம் என்றால் சுமார் 4,630. 12,500 ரூபாய் எடுத்த ஒருவருக்கு முதல் கணக்கில் மாதம் 560, இரண்டாவதில் 386. எந்தத் தவணை தாங்கும் என்று கூட்டத்தில் பேசி முடிவு செய்துவிட்டுப் போங்கள்.

வங்கியில் இவற்றைக் கவனியுங்கள்:

பத்து லட்சம் வரை அடமானம், ஜாமீன் கேட்கக் கூடாது. உங்கள் சேமிப்புக் கணக்கை முடக்கி வைத்துக்கொள்ளவும் கூடாது. "சேமிப்பை எடுக்காதீங்க, அது லோனுக்கு செக்யூரிட்டி" என்றால் அந்த விதி எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்.

ஓர் உறுப்பினர் அல்லது அவர் வீட்டில் யாரோ அந்த வங்கியில் பாக்கி வைத்திருக்கிறார் என்பதற்காகக் குழுவுக்கே கடனை மறுப்பது முறையில்லை. குழு பாக்கி வைக்காமல் இருந்தால் போதும். ஆனால் பாக்கிதாரருக்கு அந்தக் கடனிலிருந்து பங்கு கொடுக்க முடியாது.

ஒரு உறுப்பினருக்கு 50,000 ரூபாய்க்குள் வரும் கடனுக்குச் சேவைக் கட்டணம், ஆய்வுக் கட்டணம் பிடிக்கக் கூடாது. இந்த வரம்பு குழுவுக்கு இல்லை, ஆளுக்கு.

விண்ணப்பம் கொடுத்த அன்றே தேதியும் முத்திரையும் போட்ட ஒப்புகை வாங்கிவிடுங்கள். எங்கள் பகுதியில் ஒரு கிளையில் "ஃபைல் இங்கதான் இருக்கு" என்ற வாய்ச்சொல்லை நம்பி மாதக்கணக்கில் காத்திருந்தோம். பிறகு போன இடத்தில் விண்ணப்பம் வந்ததற்கே ஆதாரம் இல்லை. ஒப்புகை இருந்தால் எழுத்தில் புகார் கொடுக்கலாம், 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 14448 என்ற எண்ணில் வழி சொல்வார்கள், செலவு கிடையாது.

கடனோடு சேர்த்து வேறு காப்பீட்டுப் பாலிசி எடுக்கச் சொல்லி வற்புறுத்தினால் மறுத்துவிடுங்கள். வேண்டியது இரண்டுதான். 18 முதல் 50 வயதுக்குள் இருப்பவர்களுக்கு வருஷம் 436 ரூபாய் ஆயுள் காப்பீடு, 70 வயது வரை 20 ரூபாய் விபத்துக் காப்பீடு, இரண்டிலும் 2 லட்சம். மே மாதக் கடைசியில் அவரவர் கணக்கில் அந்தப் பணம் இருக்க வேண்டும், இல்லையென்றால் காப்பு நின்றுவிடும்.

8. பணம் வந்த பிறகு

கடன் தொகை குழுக் கணக்கில் ஏறியதும் உறுப்பினர்களின் சொந்தக் கணக்குக்கே மாற்றுங்கள். ரொக்கமாக எடுத்து வீட்டில் பிரித்துக் கொடுக்க வேண்டாம். எந்த மாவட்டத்திலும் குழுக்கள் உடைந்ததற்கு நான் கேட்ட கதைகளில் பாதி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

தவணை தேதிக்கு நாலு நாள் முன்பே கூட்டத்தை வையுங்கள். ஒருவர் கட்ட முடியாமல் போனால் அந்த மாதத்துக்குக் குழு நிதியிலிருந்து உள்கடனாக எழுதி, வங்கித் தவணையைத் தவறவிடாமல் கட்டிவிடுங்கள். ஆறு மாதம் நோட்டு எழுதிப் பழகியதன் பலன் அப்போது தெரியும்.

இரண்டாவது கடன் குழு நிதியின் எட்டு மடங்கு அல்லது குறைந்தது 3 லட்சம். அதற்கான பட்டியலை முதல் கடன் முடிவதற்கு இரண்டு மாதம் முன்பே கூட்டத்தில் பேச ஆரம்பித்து, முதல் சுற்றில் எடுக்காமல் நின்றவர்களின் பெயரை மேலே எழுதுங்கள்.